பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!
மலேரியாவின் மூலத்தைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ்

தஞ்சாவூர் நெல் விளையும் பூமி. காவிரியில் புது வெள்ளம் வந்துவிட்டால், ஆறு, வாய்க்கால், வயல், குளம், குட்டை எல்லாம் நிரம்பிவிடும். அதன் பிறகு பல மாதங்களுக்கு ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர். கால் வைத்த இடமெல்லாம் சேறு.

தேங்கிய நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றே மலேரியாக் காய்ச்சலுக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் உலகம் நம்பியது. மலேரியா என்ற பெயருக்கே, இத்தாலிய மொழியில், கெட்ட காற்று என்றுதான் பொருள்.

இந்த நம்பிக்கை உண்மையானால், தஞ்சை ஜில்லா முழுவதும் ஆண்டுதோறும் குளிர் காய்ச்சலில் நடுங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. காவிரியின் பழைய பாசனப் பகுதி மலேரியாவுக்குப் பேர் போன இடமாக இருந்ததில்லை. ஆனால், 1934-ஆம் ஆண்டுக்குப் பிறகு, அதே ஜில்லாவில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மட்டும் மலேரியா புகுந்துவிட்டது!

அதே காவிரி. அதே நெல். ஓரிடத்தில் காய்ச்சல், மற்றோரிடத்தில் இல்லை. இது ஏன்?

இந்தப் புதிரை அவிழ்ப்பதற்கு வழி திறந்து வைத்தவர் ரொனால்டு ராஸ். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டால், பட்டுக்கோட்டையின் கதை தானே விளங்கிவிடும்.

அல்மோராவில் பிறந்தார்

இமயமலைச் சாரலில் அல்மோரா என்ற ஊர் இருக்கிறது. அங்கே, 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி ராஸ் பிறந்தார். மீரட் நகரில் சிப்பாய்க் கலகம் வெடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தகப்பனார் பட்டாளத்தில் ஓர் அதிகாரி. குழந்தைகள் பத்துப் பேர். அவர்களில் ராஸ்தான் மூத்தவர்.

எட்டாவது வயதில் ராசைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பாட்டு எழுதப் பிடிக்கும், படம் வரையப் பிடிக்கும், சங்கீதம் பிடிக்கும், கணக்கு என்றால் உயிர். வைத்தியம் மட்டும் பிடிக்காது! ஆனால் மகன் டாக்டராக வேண்டும் என்று தகப்பனார் முடிவு செய்துவிட்டார். தந்தை சொல்லைத் தட்டாமல் ராஸ் வைத்தியம் படித்தார். 1881-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை ராஜதானிக்கு வந்தார்.

வேண்டா வெறுப்பாகப் படித்த அந்த வைத்தியம்தான் அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. அதைவிட, வேண்டி விரும்பிப் படித்த கணக்கு அவருக்குப் பெரிய துணையாக இருந்தது என்று சொல்லலாம். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார் ராஸ்.

பெங்களூர்த் தொட்டி

1883-ஆம் ஆண்டில் ராசுக்குப் பெங்களூரில் வேலை. தங்குவதற்கு நல்ல பங்களா கிடைத்தது. ஆனால் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. மற்ற அறைகளைவிடத் தம் அறையில் கொசு அதிகமாக இருப்பதை அவர் கவனித்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. எட்டிப் பார்த்தார். அதில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். சில நாளில் கொசு குறைந்துவிட்டது.

இது சிறிய விஷயம். ஆனால் இதில் பெரிய பாடம் இருக்கிறது. தொட்டியும் கொசுவும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தொட்டியை நீக்கிப் பார்த்தார். நீக்கியதும் கொசு குறைந்தது. ஆகவே, தொட்டிதான் காரணம் என்று துணிந்தார்.

இரண்டு காரியங்கள் சேர்ந்தே வருகின்றன என்பதற்காக, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐப்பசி மாதத்தில் தெருவெல்லாம் குடை. அதே ஐப்பசியில் வயலெல்லாம் தவளைச் சத்தம். குடை விரித்ததால் தவளை கத்துகிறது என்று யாராவது சொல்வார்களா? இரண்டுக்கும் காரணம் மழை. மழை நமது கண் முன்னால் பெய்வதால் நாம் ஏமாறுவதில்லை. காரணம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தால், குடையின் மேல் பழி விழுந்துவிடும்!

மலேரியாவின் கதையில் அப்படித்தான் ஆயிற்று. சதுப்பு நிலம் இருந்த இடத்தில் காய்ச்சலும் இருந்தது. ஆகவே, சதுப்பு நிலத்தின் காற்றைக் குற்றவாளி என்றார்கள். ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர்களுக்குக் காய்ச்சல் குறைவாக வந்தது. கெட்ட காற்று உள்ளே வராததால்தான் பிழைத்தோம் என்று அவர்கள் நினைத்தார்கள். சாத்திய ஜன்னல் இன்னொன்றையும் தடுத்தது. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

குருவும் சீடரும்

1880-ஆம் ஆண்டில், அல்ஜீரியா நாட்டில் லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் ஓர் அதிசயத்தைக் கண்டார். மலேரியா நோயாளியின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, அதில் உயிருள்ள கிருமிகள் தெரிந்தன. ஆக, நோய்க்குக் காரணம் காற்று அல்ல, கிருமி என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கிருமி மனிதனுடைய ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது? இது யாருக்கும் தெரியவில்லை.

ராஸ் முதலில் இந்தக் கிருமியையே நம்பவில்லை. 1894-ஆம் ஆண்டு லண்டனுக்குப் போனபோது, பாட்ரிக் மான்சன் என்ற பெரிய டாக்டர் அந்தக் கிருமியை அவருக்கு நேரில் காட்டினார். அன்று முதல் மான்சன் குரு, ராஸ் சீடர்.

மான்சன் சாமானியர் அல்ல. யானைக்கால் வியாதியைக் கும்பகோணம் வட்டாரத்துக்காரர்கள் ஒரு காலத்தில் நன்றாக அறிவார்கள். அந்த வியாதியை உண்டாக்கும் புழுக்கள், மனித ரத்தத்திலிருந்து கொசுவின் உடலுக்குள் போய் வளர்கின்றன என்பதைச் சீன நாட்டில் 1877-ஆம் ஆண்டிலேயே கண்டவர் அவர். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று மான்சன் ஊகித்தார்.

ஆனால், அந்த ஊகத்தில் ஒரு பிசகு இருந்தது. கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்று அவர் எண்ணினார்.

காக்கையும் பனம்பழமும்

1895-ஆம் ஆண்டில் ராஸ் செகந்தராபாத்துக்கு வந்தார். 19-வது சென்னைக் காலாட்படைக்கு அவர் டாக்டர். குருவின் ஊகத்தைச் சோதிக்கத் தொடங்கினார். நோயாளியைக் கடித்த கொசுக்கள் செத்துக் கிடந்த தண்ணீரை, சம்மதித்து வந்த ஓர் ஆளுக்குக் குடிக்கக் கொடுத்தார். பதினோராம் நாள் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தது!

வேறொருவராக இருந்தால், வெற்றி வெற்றி என்று கூத்தாடியிருப்பார். ராசுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவர் கணக்குப் பிள்ளை ஆயிற்றே! ரத்தத்தைச் சோதித்தார். அதில் மலேரியாக் கிருமியைக் காணோம். பிறகு, மேலும் பலருக்கு அதே தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார். எல்லோருமாக இருபது பேருக்கு மேல். அவர்களில் மூன்று பேருக்குத்தான் ஏதோ காய்ச்சல் கண்டது. மற்றவர்கள் சுகமாக இருந்தார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஊரில் சொல்வார்கள். காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால் பழம் கனிந்துதான் விழுந்தது. ஒரு தடவை பார்த்தவன் காக்கையின் மேல் பழி போடுவான். இருபது மரத்தில் இருபது காக்கையைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். ராஸ் இருபது தடவை பார்த்தார். தண்ணீர் குடிப்பதால் மலேரியா வரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டார்.

எட்டுக் கொசு, எட்டு அணா

கொசு குடிக்கும் தண்ணீரில் இல்லை என்றால், கொசுவின் உடம்புக்குள்தான் தேட வேண்டும். ராஸ் ஆயிரக்கணக்கில் கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். இடையில், காலரா வேலைக்காக அவரைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். உதகமண்டலத்துக்குப் பக்கத்தில் சீகூர் மலைப் பாதையில் போனபோது, அவருக்கே மலேரியா வந்துவிட்டது. அவர் விடவில்லை. 1897-ஆம் ஆண்டு மறுபடியும் செகந்தராபாத்துக்கு வந்தார்.

கோடைப் புழுக்கம். விசிறி போட முடியாது. போட்டால் கொசு பறந்துவிடும். நெற்றி வியர்வை வழிந்து வழிந்து, பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கண்ணாடியிலும் கீறல் விழுந்துவிட்டது. கண் வலித்தது. ஒன்றும் அகப்படவில்லை.

அந்தச் சமயத்தில், அதுவரை அவர் அதிகம் சோதிக்காத ஒரு ஜாதிக் கொசு கிடைத்தது. பழுப்பு நிறம், இறக்கையில் புள்ளிகள். உசேன்கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசு வலைக்குள் படுக்கவைத்து, இந்தக் கொசுக்களைக் கடிக்கவிட்டார். ஒரு கடிக்கு ஒரு அணா கூலி. எட்டுக் கொசுக்கள் கடித்தன.

ஆகஸ்டு 20-ந் தேதி. அந்தக் கொசுக்களில் மிஞ்சியவை மிகச் சில. ஒன்றை எடுத்து அறுத்தார். அதன் வயிற்றுச் சுவரில், கரும்புள்ளிகளோடு கூடிய வட்ட வட்டமான பொருள்கள் தெரிந்தன. மறுநாள் இன்னொன்றை அறுத்தார். அதே வட்டங்கள்; ஆனால் பெரிதாக வளர்ந்திருந்தன! மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்கிறது. ராஸ் ஆனந்தத்தில் ஒரு கவிதையே எழுதிவிட்டார்.

குருவிகள் சொன்ன சாட்சி

இரண்டு கொசுக்களை வைத்து உலகத்தை நம்பச் செய்ய முடியுமா? மேலும் சோதிக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதமே, மலேரியா அதிகம் இல்லாத ராஜபுதனத்து ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்! மான்சன் முயன்று, 1898-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பும்படி செய்தார்.

கல்கத்தாவிலோ, பிளேக் பீதி. ஊசி என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். ரத்தம் கொடுக்க ஆள் இல்லை. ராஸ் யோசித்தார். குருவிகளுக்கும் ஒருவகை மலேரியா வருவது உண்டு. அவர் குருவிகளைக் கொண்டு சோதனை செய்தார்.

மூன்று குருவிகள். முதல் குருவியின் ரத்தத்தில் கிருமி ஏராளம். இரண்டாவது குருவிக்குக் கொஞ்சம். மூன்றாவதற்குக் கிருமியே இல்லை. ஒவ்வொரு குருவியையும் கடித்த கொசுக்களில் பத்துப் பத்தாக எடுத்து, வயிற்றில் உள்ள வட்டங்களை எண்ணினார். முதல் பத்தில் 1,009. இரண்டாவது பத்தில் 292. மூன்றாவது பத்தில் ஒன்றுகூட இல்லை!

இந்தக் கணக்கின் அழகைப் பாருங்கள். எல்லாம் ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே ஜாதிக் கொசு. வேறுபட்டது ஒன்றுதான்: குருவியின் ரத்தத்தில் இருந்த கிருமி. அது கூடினால் வட்டமும் கூடுகிறது. குறைந்தால் குறைகிறது. இல்லை என்றால் இல்லை. இங்கே காக்கைக்கும் பனம்பழத்துக்கும் இடமே இல்லை.

ஜூலை மாதத்தில், கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்வதையும் கண்டுவிட்டார். நோயுள்ள கொசுக்களை 28 நல்ல குருவிகள் மேல் கடிக்கவிட்டார். அவற்றில் 22 குருவிகளுக்கு நோய் கண்டது. தண்ணீர் அல்ல, காற்று அல்ல. கொசுவின் கடிதான் வழி! மனித மலேரியாவும் அனாபிலிஸ் என்னும் ஜாதிக் கொசுவால் இதே வழியில் பரவுவதை, அந்த ஆண்டின் கடைசியில் இத்தாலிய விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

சேறு உண்டு, காய்ச்சல் இல்லை

ஆனாலும் பழைய நம்பிக்கை எளிதில் சாகவில்லை. சதுப்பு நிலத்தில் கொசுவும் உண்டு, காற்றும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டினால் அல்லவா சந்தேகம் தீரும்? 1900-ஆம் ஆண்டில் மான்சன் அதையும் செய்தார்.

இத்தாலியில், ரோம் நகருக்குப் பக்கத்தில், மலேரியாவுக்குப் பேர் போன ஒரு சதுப்பு நிலம். அங்கே கம்பி வலை அடித்த குடிசை ஒன்றைப் போட்டு, இரண்டு டாக்டர்கள் முதலியோரைக் காய்ச்சல் பருவம் முழுவதும் வசிக்கச் செய்தார். பகலில் அவர்கள் இஷ்டம் போல் சுற்றினார்கள், மழையில் நனைந்தார்கள். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்து, அந்தக் காற்றையே சுவாசித்தார்கள். பொழுது சாயும் முன் வலைக்குள் போய்விட வேண்டும் என்பது ஒன்றே கட்டுப்பாடு. சுற்றுப்புறத்தில் பலருக்குக் காய்ச்சல். குடிசையில் ஒருவருக்கும் இல்லை!

அதே சமயத்தில், ரோமில் நோயாளியைக் கடித்த கொசுக்களை லண்டனுக்கு வரவழைத்தார். அவற்றைத் தம் சொந்த மகன் மேலேயே கடிக்கவிட்டார். சதுப்பு நிலக் காற்று துளியும் இல்லாத லண்டனில், அந்த இளைஞருக்கு மலேரியா வந்தது. மருந்து கொடுத்துக் குணப்படுத்தினார்கள்.

சேறு இருந்து கொசு கடிக்காவிட்டால் காய்ச்சல் இல்லை. சேறு இல்லாமல் கொசு கடித்தால் காய்ச்சல் உண்டு. சேற்றுக் காற்றின் மேல் இருந்த பழி அன்றோடு தீர்ந்தது.

புகழும் கசப்பும்

1902-ஆம் ஆண்டில் ராசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1911-ஆம் ஆண்டில் சர் பட்டம் வந்தது. ஆனால் யார் முதலில் கண்டது என்பது பற்றி, இத்தாலிய விஞ்ஞானி கிராசியோடு அவர் கடைசிவரையில் சண்டை போட்டார். பெரியவர்களிடத்திலும் இப்படிச் சில குறைகள் இருப்பது உண்டு.

தமக்குப் பிரியமான கணக்கை அவர் மறக்கவில்லை. ஊரில் உள்ள கொசுக்கள் எத்தனை, நோயாளிகள் எத்தனை, ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு நோய் தொற்றும் என்று சமன்பாடு போட்டார். கடைசிக் கொசு வரை கொல்லத் தேவையில்லை. ஓர் அளவுக்குக் கீழே குறைத்துவிட்டாலே மலேரியா தானாக அடங்கும் என்று அதில் விடை கிடைத்தது. இன்றும் தொற்று நோய்களைக் கணக்கிடுவோர் அவர் போட்ட பாதையிலேதான் நடக்கிறார்கள்.

1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி ராஸ் லண்டனில் காலமானார்.

பட்டுக்கோட்டைப் புதிர்

அவர் மறைந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு, 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி நீர் பட்டுக்கோட்டைச் சீமைக்குப் பாய்ந்தது. மழையை நம்பியிருந்த நிலம் நன்செய் ஆயிற்று. நெல் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது.

தண்ணீர் வந்தது, காய்ச்சல் வந்தது. ஆகவே தண்ணீர்தான் காரணம் என்று சொல்வது சுலபம். நெல்தான் காரணம் என்று சொல்வதும் சுலபம். அதை நம்பினால், பாசனத்தையே நிறுத்த வேண்டியதுதான்! ஆயிரக்கணக்கான குடியானவர்களின் சோற்றுப் பானை அதில் அடங்கியிருந்தது. பக்கத்திலேயே, பல நூற்றாண்டுகளாகத் தண்ணீரில் நிற்கும் பழைய காவிரிச் சீமை, அந்த முடிவு தவறு என்று காட்டிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் ராக்பெல்லர் நிதியைச் சேர்ந்த டாக்டர் பால் ரஸ்ஸல், டி.ராமச்சந்திர ராவ் முதலியோர் பட்டுக்கோட்டையில் ஆராய்ச்சி நடத்தினார்கள். எல்லாக் கொசுவும் அங்கே மலேரியாவைப் பரப்பவில்லை. அனாபிலிசில் கூலிசிபேசிஸ் என்னும் ஒரே இனம்தான் முக்கியக் குற்றவாளி என்று கண்டார்கள். அது எல்லாத் தண்ணீரிலும் முட்டை இடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீர், மண் வெட்டிய பள்ளம், கால்வாய்க் கசிவு, தண்ணீர் கட்டிய வெறும் வயல் இவையே அதற்குப் பிடித்தவை. நாற்று நட்டுப் பயிர் ஓர் அடிக்கு மேல் வளர்ந்துவிட்டால், அந்த வயலில் இந்தக் கொசுப் புழு அநேகமாக மறைந்துவிட்டது.

இது பயிரின் நிழலாலா? அல்லது பயிர் வழிமறிப்பதாலா? இரண்டும் ஒன்றாகவே இருப்பவை. இங்கேயும் பிரித்துப் பார்த்தார்கள். பயிர் போலவே தண்ணீரில் கோல்களை நட்டு வைத்தார்கள். கொசு அங்கேயும் முட்டை இடத் தயங்கியது. அந்தக் கொசு நீர்ப் பரப்புக்கு மேலே தாழப் பறந்துகொண்டே முட்டை இடும். குறுக்கே கோல்கள் நின்றால் அதற்கு இடைஞ்சல். ஆக, வழிமறிப்பதே முக்கியக் காரணம் என்று தெரிந்தது.

அதே சமயத்தில் இலங்கையில் ஒரு விபரீதம் நடந்தது. 1934-ஆம் ஆண்டில் அங்கே மழை பொய்த்தது. வேகமாக ஓடிய ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கின. அதே கூலிசிபேசிஸ் கொசு அவற்றில் பெருகிற்று. மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். பட்டுக்கோட்டையில் தண்ணீர் வந்ததால் காய்ச்சல். இலங்கையில் தண்ணீர் குறைந்ததால் காய்ச்சல்! தண்ணீரை மட்டும் பார்த்தவருக்கு இது மாயம். கொசுவைப் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே கதை.

காரணம் சரியாகத் தெரிந்தால், பரிகாரமும் சரியாக அமையும். ஆற்றை அடைக்க வேண்டாம்; பள்ளத்தைத் தூர்த்தால் போதும். நெல்லைக் கைவிட வேண்டாம். கசிவு நீருக்கு வடிகால் வெட்டினால் போதும்.

ஒன்றன் பின் ஒன்றாக வந்ததைக் கண்டு ஒரு பொருளின் மேல் பழி போடுவதற்கு முன்னால், நாமும் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை தடவை அப்படி நடந்தது? அது இல்லாத இடத்திலும் இது நடந்ததா? அது இருந்தும் இது நடக்காத இடம் உண்டா? இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கிறதா? அதை நீக்கினால் இதுவும் நீங்குகிறதா?

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்த ராஸ் ஆயுள் முழுவதும் கேட்ட கேள்விகள் இவைதான்.